புது நகரம் கட்டுகிறார்கள், சரி. கட்டுகிறவர் எங்கே குடியிருப்பார்?

#1 — கிழக்குவாசல்

இந்தோனேசியா போர்னியோ காட்டுக்குள் நுசந்தாரா என்று புதுத் தலைநகரம் கட்டிக்கொண்டிருக்கிறது. எகிப்து, கெய்ரோவுக்குக் கிழக்கே பாலைவனத்தில் ஆப்பிரிக்காவின் மிக உயரமான கோபுரங்களில் ஒன்றைத் தூக்கி நிறுத்திவிட்டது. பக்கத்து மாநிலத்தில் அமராவதி, படுத்துக் கிடந்தது மறுபடி எழுந்திருக்கிறது. நம் ஊரிலும் ஏதாவது ஒரு துணை நகரம் அவ்வப்போது அறிவிப்பில் வந்து போகிறது.

என் கேள்வி எளிது. வெறும் நிலத்தில் கோடு போட்டுக் கட்டிய நகரங்களில் உருப்பட்டது எது, ஏன்? படத்தைப் பார்த்து ‘அடேங்கப்பா’ சொல்ல வேறு இழைகள் இருக்கின்றன. அங்கே குடியிருந்தவர்கள், வேலை பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 — விதண்டாவாதி

உருப்பட்டது என்றால் யாருக்கு? மனை வாங்கிப் போட்டவருக்கா, நிலத்தைக் கொடுத்தவருக்கா, சித்தாள் வேலை பார்த்தவருக்கா? மூவருக்கும் மூன்று பதில் வரும். முதலில் அதைச் சொல்லுங்கள், அப்புறம் பட்டியல் போடலாம்.

#3 — நெருல்வாசி

செம்பூரில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு உப்பங்கழியைத் தாண்டி நெருலுக்கு வந்தவன் நான். அதனால் நவி மும்பையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பம்பாய் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். வேலையெல்லாம் தென்கோடியில், வீடெல்லாம் வடக்கே. காலையில் ஊரே தெற்கே போகும், சாயங்காலம் ஊரே வடக்கே திரும்பும். இதைப் பார்த்துத்தான் 1965இல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களும் சிரீஷ் படேல் என்ற பொறியாளரும் ‘மார்க்’ இதழில் ஒரு யோசனை வைத்தார்கள். தாணே கழிக்கு அக்கரையில் ஒரு நகரம் வரட்டும். பம்பாய் இனி கிழக்குப் பக்கமாக வளரட்டும். மாநில அரசின் தலைமைச் செயலகமே அங்கே போகட்டும். செயலகம் போனால் வங்கி போகும், வக்கீல் போவார், டீக்கடை தானாகப் போகும் என்பது கணக்கு.

1970இல் இதற்கென்றே சிட்கோ என்ற கழகத்தை மகாராஷ்டிர அரசு தொடங்கியது. (நம்மூர் தொழிற்பேட்டை சிட்கோ இல்லை, இது வேறு.) 344 சதுர கிலோமீட்டர், 95 கிராமங்கள், 20 லட்சம் பேருக்கு நகரம். கொரியாதான் தலைமைக் கட்டடக் கலைஞர்.

ஆனால் தலைமைச் செயலகம் இன்றுவரை தென்கோடி நாரிமன் பாயின்ட் பக்கத்தைவிட்டு அசையவில்லை. அக்கரையில் நகரம் கட்டச் சொன்ன அதே அரசு, இக்கரையில் கடலைத் தூர்த்த இடத்தில் அலுவலகக் கோபுரங்களை எழும்ப விட்டது. கழிக்கு மேலே அக்கரை வாஷிக்குப் பாலம் 1973இல் வந்தது. ரயில் வந்தது 1992இல். நடுவில் பத்தொன்பது வருடம்! எண்பதுகளில் எங்கள் பெரியப்பா வாஷியில் வீடு வாங்கியபோது, மாட்டுங்கா சொந்தக்காரர்கள் ‘வனவாசம் போகிறீர்களா’ என்று கேட்டார்களாம். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி மான்கூர்டு வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வேலைக்குப் போய்த் திரும்பினார். வீடு அக்கரையில், சம்பளம் இக்கரையில்.

ஊரைக் காப்பாற்றியது மொத்தச் சந்தை. வெங்காயம், உருளைக்கிழங்கில் தொடங்கி பழம், காய்கறி, தானியம், மசாலா என்று ஒவ்வொன்றாகப் பழைய பம்பாயின் நெரிசலிலிருந்து வாஷிக்கு இடம் மாற்றினார்கள். வியாபாரிகள் லேசில் நகரவில்லை, தள்ளித்தான் கொண்டுவந்தார்கள். இரும்புச் சந்தை கலம்போலிக்குப் போனது. 1989இல் நவா சேவா துறைமுகம் திறந்தது. லாரி வந்தது, மூட்டை தூக்குகிறவர் வந்தார், அவருக்குச் சோறு போடுகிறவர் வந்தார். கண்ணாடிக் கட்டடமும் ஐடி கம்பெனியும் வந்தது ரொம்பப் பிற்பாடு.

ரயில் விஷயத்தில் சிட்கோவைப் பாராட்ட வேண்டும். ரயில்வே வரும் வரும் என்று காத்திருக்காமல், செலவில் 67 சதவீதத்தைத் தானே கொடுத்தது. வாஷி ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்டேஷன் கட்டடத்திலேயே மாடி மாடியாக அலுவலகங்கள். ரயிலைவிட்டு இறங்கி, படியேறி, லிஃப்டில் போனால் உங்கள் மேஜை.

வேலையும் ரயிலும் முதலில், வீடு அப்புறம் என்று செய்திருந்தால் இருபது வருடம் மிச்சமாகியிருக்கும். வீட்டை முதலில் கட்டினார்கள்.

#4 — கிழக்குவாசல்

நன்றி அண்ணே, இதுதான் வேண்டும். ஒன்று புரியவில்லை. ரயில் பாதைக்கே மூன்றில் இரண்டு பங்கு கொடுக்க ஒரு நகரக் கழகத்துக்கு எங்கிருந்து பணம் வந்தது?

#5 — நெருல்வாசி

நிலம்தான். வயலையும் உப்பளத்தையும் அரசு எடுத்து சிட்கோவிடம் கொடுத்தது. சிட்கோ ரோடு போட்டு, சாக்கடை போட்டு, தண்ணீர்க் குழாய் பதித்து, செக்டர் செக்டராக ஏலம் விட்டது. ஏலப் பணத்தில் அடுத்த செக்டருக்கு ரோடு. நகரம் தன் காசில் தானே வளர்ந்தது. அரசு கஜானாவிலிருந்து கொடுத்தது ஆரம்ப முதல் மட்டும்தான் என்று சொல்லலாம். இதைப் படிக்கத்தான் வெளியூர் அதிகாரிகள் இன்றும் சிட்கோ அலுவலகம் இருக்கிற பேலாப்பூருக்கு வருகிறார்கள்.

#6 — விதண்டாவாதி

படிக்க வருகிற அதிகாரிகளை அப்படியே ஜாசாய் கிராமத்துக்கும் கூட்டிப் போங்கள்.

1984 ஜனவரி. நிலம் எடுப்பதை எதிர்த்து ஆக்ரி, கோலி என்ற உள்ளூர்ச் சமூகத்து மக்கள் சாலைக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டது. இரண்டு நாளில் ஐந்து பேர் செத்தார்கள். தி.பா. பாட்டீல் என்ற விவசாயிகள் கட்சித் தலைவர் முன்னால் நின்ற போராட்டம் அது. நவி மும்பை விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான் வேண்டும் என்று 2021இல் ஆயிரக்கணக்கானவர்கள் சிட்கோ அலுவலகத்தை முற்றுகையிட்டார்களே, முப்பத்தேழு வருடம் கழித்தும் அந்தச் சூடு ஆறவில்லை என்று அர்த்தம்.

நகரம் தன் காசில் வளர்ந்தது என்கிறீர்கள். வயல் விலைக்கு வாங்கி மனை விலைக்கு விற்ற வித்தியாசத்தில் வளர்ந்தது என்று சொல்லுங்கள். அந்த வித்தியாசம் யாருடைய காசு?

#7 — நெருல்வாசி

மறுக்கவில்லை. அந்த ஐந்து உயிர்களுக்குப் பிறகுதான் 12.5 சதவீதத் திட்டம் வந்தது. உங்கள் நிலத்தை எடுத்தால், அதில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு ரோடு, குழாய் எல்லாம் போட்ட மனையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே நிலம் போனவர்களுக்கும் இது பொருந்தும் என்றார்கள். பின்னால் விமான நிலையத்துக்கு நிலம் எடுத்தபோது 22.5 சதவீதம் ஆனது. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்தானே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. சிட்கோ வயலைத்தான் எடுத்தது. பெரும்பாலும் ஊர் நத்தத்தை, அதாவது வீடுகள் இருந்த இடத்தை, எடுக்கவில்லை. இங்கே அதை காவ்டாண் என்பார்கள். திட்ட வரைபடத்தில் அவை வெறும் வெள்ளைத் திட்டுகள். சுற்றிலும் செக்டர், பூங்கா, பள்ளிக்கூடம் என்று வண்ணம் அடித்திருக்கும், நடுவில் காவ்டாண் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில்தான் இந்த ஊரின் பாதி வேலைக்காரர்கள் குடியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

கோபர்கைரனேயிலோ கன்சோலியிலோ பழைய கிராமத்துக்குள் நடந்து பாருங்கள். செக்டர் ரோடு நூல் பிடித்த மாதிரி நேராக வரும். ஒரு திருப்பம், அவ்வளவுதான், சந்து ஆரம்பம். முன்பு முற்றமும் மாட்டுக் கொட்டகையும் இருந்த இடத்தில் நாலு மாடி, ஐந்து மாடி. பால்கனி சந்துக்கு மேலே நீண்டு எதிர் பால்கனியைத் தொடப் பார்க்கும். இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். கீழே மாவு மில், கோழிக்கடை, ரீசார்ஜ் கடை. மேலே அறைக்கு நாலைந்து பேர்: சந்தையில் மூட்டை தூக்குகிறவர், பீகார் தச்சர், மால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, இட்லி வண்டி போடும் நம்ம தென்காசிப் பையன். எந்தக் கட்டடத்துக்கும் முறையான அனுமதி இருக்காது. தீப்பிடித்தால் வண்டி உள்ளே போகாது. ஆனால் கையில் சில ஆயிரம் ரூபாயோடு ரயிலைவிட்டு இறங்குகிறவருக்கு இந்த ஊரில் கதவு திறக்கிற ஒரே இடமும் அதுதான்.

நிலம் போன குடும்பத்துக்கும் அந்த வாடகைதான் வயல். சிட்கோ கொடுத்த மனையைப் பலர் பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். நத்தத்து வீட்டை விடவில்லை.

#8 — கோடுபோடுபவன்

நகரத் திட்டமிடலில் ரொம்ப நாளாகக் குப்பை கொட்டுபவன் என்ற முறையில் இதில் நுழைகிறேன். நெருல்வாசி சொன்ன அந்த வெள்ளைத் திட்டுதான் விஷயமே. அது இல்லாமல், சுத்தமாகத் துடைத்த பலகையில் கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் நாட்டுத் தலைநகரம் பிரசிலியா.

1956இல் குபிசெக் அதிபராகி, நாட்டின் நடுமேட்டில் தலைநகரம் கட்டுகிறேன் என்று கிளம்பினார். திட்டம் லூசியோ கோஸ்டா, கட்டடங்கள் நீமேயர். 1960 ஏப்ரல் 21இல் திறப்பு விழா. நாலு வருடத்தில் ஒரு தலைநகரம்! இன்றைக்கு ஒரு மேம்பாலத்துக்கே அவ்வளவு நாள் ஆகிறது. ஆறு மாடி வீட்டு வளாகங்கள். மந்திரியும் அவருடைய டிரைவரும் ஒரே வளாகத்தில் குடியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. இடதுசாரிகள், நம்பித்தான் சொன்னார்கள்.

கட்டியவர்கள் யார்? வறட்சியில் அடிபட்ட வடகிழக்கு பிரேசிலிலிருந்து லாரியில் வந்த பல்லாயிரம் கூலிகள். அவர்களுக்குத் தற்காலிகக் கொட்டகை ஊர் ஒன்று. திறப்பு விழா முடிந்ததும் அதை இடித்துவிடலாம், ஆட்கள் ஊர் திரும்பிவிடுவார்கள் என்பது திட்டம். யார் திரும்புவார்கள்? தலைநகரம் திறக்கும் முன்பே, 1958இல், தகுவாத்திங்கா என்ற துணை ஊரைத் தூரத்தில் தொடங்க வேண்டி வந்தது. 1971இல் நகரத்தை ஒட்டியிருந்த குடிசைகளைக் காலி செய்து, பல்லாயிரம் பேரை 25 கிலோமீட்டர் தள்ளி செய்லாந்தியாவில் இறக்கிவிட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கண்ணகி நகர் என்று சொன்னால் போதும்.

2022 கணக்கெடுப்பில் தலைநகரம் இருக்கிற கூட்டாட்சி மாவட்டத்தில் 28 லட்சம் பேர். கோஸ்டா வரைந்த நகரத்துக்குள் இருப்பவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மந்திரியின் டிரைவர் விடியற்காலையில் பஸ் பிடித்து வருகிறார். 1987இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. அதனால் நடுவில் கூடுதலாக வீடு கட்டுவதும் லேசில்லை.

சண்டிகரும் கிட்டத்தட்ட இதே ஜாதகம். லெ கோர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் 5 லட்சம் பேருக்கு வரைந்தார். 2011 கணக்கெடுப்பில் பத்தரை லட்சம். நகரைச் சுற்றி யாரும் கட்டக்கூடாது என்று 1952இலேயே சுற்றெல்லைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். அந்த எல்லைக்குள்ளேயே பஞ்சாப் அரசு மொஹாலியையும் ஹரியானா அரசு பஞ்ச்குலாவையும் கட்டின. சட்டத்தை முதலில் மீறியவர் குடிசைக்காரர் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

ஒரு சின்ன விலகல்: சண்டிகரின் ராக் கார்டனைப் பார்க்காதவர்கள் பாருங்கள். நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், நகரத்துக்காக இடித்த கிராமங்களின் உடைந்த ஓட்டையும் பீங்கானையும் பொறுக்கி, அரசுக் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பல வருடம் கட்டியது. திட்டத்தில் இல்லாத, அனுமதி வாங்காத கட்டுமானம். இன்று அந்த ஊருக்கு வருகிறவர்கள் கோர்பூசியேயின் சட்டமன்றத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அதைப் பார்க்காமல் போவதில்லை.

#9 — குவாங்டாங் குப்பன்

சீனாவின் ஷென்ஜென்னில் மின்னணுப் பொருள் கொள்முதல் வேலையில் இருந்தவன். நெருல்வாசி அண்ணன் அந்தச் சந்துகளைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் எங்கள் சந்து என்று தோன்றியது.

1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று அறிவித்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 1.75 கோடி பேர். மீன்பிடிக் கிராமம் மாநகரமானது என்று விளம்பரத்தில் வரும். உண்மையில் அங்கே பல நூறு கிராமங்கள் இருந்தன, பெரும்பாலும் விவசாயக் கிராமங்கள். நகரம் வயலை எடுத்தது, வீட்டு மனையை கிராமத்தாரிடமே விட்டது. அங்கே கிராம நிலம் தனியார் சொத்து இல்லை, கூட்டுச் சொத்து. அதனால் ஊர்க்காரர்கள் கூட்டாகவே பேரம் பேசினார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஆறு, ஏழு மாடி எழுப்பியது. ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் எதிர்வீட்டுக்காரரோடு கை குலுக்கலாம்.

தொழிற்சாலைக்கு வந்த பெண்கள், சமையல்காரர்கள், டெலிவரிப் பையன்கள், புதிதாகப் படித்து முடித்த என்ஜினியர்கள் எல்லாரும் அங்கேதான். வெளியூர்க் குடும்பப் பதிவு வைத்திருப்பவருக்கு அரசு வீடு கிடைக்காது, பிள்ளைக்குப் பள்ளி இடம் சிரமம். கிராமச் சந்து ஒன்றுதான் எதுவும் கேட்காது. ஷென்ஜென் மலிவாகப் பொருள் செய்தது என்றால், அந்த மலிவில் ஒரு பங்கு அந்த வாடகைக்குச் சேர வேண்டும். நகரத் திட்டத்தைப் பாராட்டுகிறவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது அவற்றை இடிக்கிறார்கள். பைஷிஜோ என்ற ஒரே பகுதியில் ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். 2019இல் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டு உரிமையாளர்களுக்கு இழப்பீட்டில் பல அடுக்குமாடி வீடுகள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு நோட்டீஸ். பிள்ளைகளை நடுவருடத்தில் எங்கே சேர்ப்பது என்று பெற்றோர்கள் அலைந்தார்கள்.

#10 — விதண்டாவாதி

ஆகக்கூடி, நகரம் உருப்படுவது திட்டத்தில் விட்டுப்போன ஓட்டையால்தான் என்கிறீர்கள். அப்படியென்றால் திட்டம் எதற்கு? கோடுபோடுபவன் சாருக்குச் சம்பளம் எதற்கு?

#11 — கோடுபோடுபவன்

சம்பளத்தில் கை வைக்காதீர்கள் ஐயா.

ஓட்டை மட்டும் இருந்தால் தாராவி. தண்ணீர், சாக்கடை, ரயில், ரோட்டு அகலம் — இவற்றைப் பின்னால் போட முடியாது, போட்டாலும் பத்து மடங்கு செலவு. நத்தத்துச் சந்தில் இருப்பவர் குடிக்கிற தண்ணீர் திட்டமிட்ட அணையிலிருந்துதான் வருகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் அங்கே வாழ முடிகிறது. நான் சொல்வது, கோடு போடுகிறவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான். ரோட்டையும் குழாயையும் போடு; வீடு எத்தனை மாடி, கீழே கடை வைக்கலாமா, அறையை வாடகைக்கு விடலாமா என்பதில் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்.

கொரியாவே இதற்கு ஒரு மாதிரி செய்து காட்டினார். பேலாப்பூரில் எண்பதுகளில் கட்டிய ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ். ஏழு வீடு ஒரு முற்றம்; சின்ன மனை, ஆனால் ஒவ்வொரு வீடும் தனிச்சுவர், பக்கத்து வீட்டைத் தொடாது. காசு சேரும்போது மாடி எடுக்கலாம், அறை சேர்க்கலாம். ஜனங்கள் சேர்த்தார்கள். பலர் பழைய ஓட்டு வீட்டையே இடித்துவிட்டு கான்கிரீட் எழுப்பிவிட்டார்கள். கட்டடக்கலை மாணவர்கள் போய்ப் பார்த்து ‘ஐயோ, கெடுத்துவிட்டார்களே’ என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு அவர்கள் கைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். முற்றம் இன்னும் முற்றமாக இருக்கிறது.

#12 — பெஜவாடா

விஜயவாடாவில் கடை வைத்திருக்கிறேன், பூர்விகம் ஆரணி. அமராவதியைத் தொட்டீர்கள், அதனால் வந்தேன்.

2014இல் மாநிலம் பிரிந்தது. ஒரே இடத்தில் பெரிய தலைநகரம் வேண்டாம், வளமான விளைநிலத்தைத் தொடாதீர்கள் என்கிற ரீதியில், தலைநகருக்கு இடம் பார்க்க மத்திய அரசு போட்ட சிவராமகிருஷ்ணன் குழு சொன்னது. கேட்கவில்லை. ஆனால் நிலம் எடுத்த முறை புதுசு. 33,000 ஏக்கருக்கு மேல், 29 கிராமங்களில், விவசாயிகளே கொண்டுவந்து கொடுத்தார்கள். கிருஷ்ணா கரையின் நல்ல நிலத்துக்கு ஏக்கருக்கு 1,000 சதுர கஜம் வீட்டு மனை, 450 சதுர கஜம் கடை மனை. புஞ்சைக்கு 1,000, 250. பத்து வருடத்துக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 50,000 அல்லது 30,000 ரூபாய், அதுவும் ஏறிக்கொண்டே போகும். நவி மும்பையின் எட்டில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் இது நல்ல பேரம். அந்த நிலத்தைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரியும் என்பது வேறு விஷயம். வாழை, மஞ்சள், காய்கறி, பூ என்று வருடம் முழுக்க விளைந்த மண்.

நிலம் கொடுத்தவர் வெறும் மனைக்காரர் இல்லை, நகரத்தின் பங்குதாரர் என்று சொன்னார்கள். பங்குதாரர் என்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டே! 2019இல் ஆட்சி மாறியது. மூன்று தலைநகரம் என்றார்கள். சிங்கப்பூர் நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தம் ரத்து. பாதி எழும்பிய கட்டடங்களின் கம்பிகள் துருப்பிடித்தன, அஸ்திவாரத்தில் மழைத்தண்ணீர் ஏரி மாதிரி நின்றது. வயலும் இல்லை, மனை இருக்கிற இடத்துக்கு ரோடும் இல்லை. பெண்கள் நாலு வருடத்துக்கு மேல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024இல் பழைய ஆட்சி திரும்பியது, 2025 மே மாதம் பிரதமர் வந்து வேலையை மறுபடி தொடங்கி வைத்தார்.

இந்த இழையின் தலைப்புக்கு வருகிறேன். நிலம் உள்ளவருக்கு மனை. நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை என்று தொடங்கினார்கள். மிளகாய் பறித்தும் வாழைத்தார் சுமந்தும் பிழைத்தவர்களுக்கு வேலை செய்த வயலே போய்விட்டது. ஒப்பந்தம் போட்டது நிலத்தோடு. நிலத்தில் வேலை செய்தவரோடு யாரும் போடவில்லை.

#13 — கிழக்குவாசல்

பெஜவாடா அண்ணா, இது எனக்கு முழுசாகத் தெரியாத கதை. அப்படியென்றால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆட்சி மாறுகிற இடத்தில் முப்பது வருடத் திட்டம் போடுவதே சூதாட்டம்தானா?

#14 — ஜிஎஸ்டி ரோடு

நம்ம ஊரில் ஆட்சி மாறாமலேயே இருபது வருடம் தூங்கலாம். மறைமலை நகரைப் பாருங்கள். 1980இல் சிஎம்டிஏ தொடங்கிய துணை நகரம். நெடுஞ்சாலை இருக்கிறது, ரயில் இருக்கிறது, மனையும் மலிவு. ஆனாலும் ஆட்கள் வரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஃபோர்டு கார் ஆலை வந்த பிறகுதான் ஊர் சூடு பிடித்தது. 2022இல் அந்த ஆலை நின்றபோது, சுற்றியிருந்த மெஸ்களும் மேன்ஷன்களும் என்ன ஆகும் என்று கவலைப்பட்டோம். அதற்குள் வேறு கம்பெனிகள் வரிசையாக வந்திருந்ததால் பிழைத்தது. ஒற்றை முதலாளியை நம்பிய ஊராக இருந்திருந்தால் கதை வேறு.

#15 — புள்ளிவிவரப்புலி

எல்லாரும் புது நகரம் என்றால் அரசு அறிவித்த நகரத்தையே பேசுகிறீர்கள். யாரும் அறிவிக்காத புது நகரங்கள்தான் எண்ணிக்கையில் பெரியவை.

கணக்கெடுப்பில் ‘சென்சஸ் டவுன்’ என்று ஒரு வகை உண்டு. 5,000 பேருக்கு மேல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிக்கு விவசாயம் இல்லாத வேலை. இப்படி இருந்தால் கணக்கில் அது நகரம், நிர்வாகத்தில் இன்னும் ஊராட்சி. இந்தியாவில் இவை 2001இல் 1,362. 2011இல் 3,894. தமிழ்நாட்டில் 111லிருந்து 376. பத்து வருடத்தில் நாடு முழுக்க 2,500க்கும் மேற்பட்ட புது நகரங்கள், ஒன்றுக்கும் பூமி பூஜை கிடையாது! 2011க்கு அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் கையில் வரும்போது இந்தப் பட்டியல் எங்கே போய் நிற்குமோ.

எங்கள் ஊரே அப்படித்தான். முன்பு கரும்பு, நெல். இப்போது மனைப்பிரிவு, மனைப்பிரிவை ஒட்டி இன்னொரு மனைப்பிரிவு. ஒருவர் 23 அடி ரோடு விட்டிருப்பார், அது பக்கத்து மனைப்பிரிவின் காம்பவுண்டில் போய் முட்டி நிற்கும். மழை வந்தால் பழைய வாய்க்கால் எங்கே ஓடியதோ அங்கே தண்ணீர் வரும், இப்போது அங்கே யார் வீட்டு வரவேற்பறை என்று அதற்குத் தெரியாது. பாதாளச் சாக்கடை இல்லை. வாரம் முழுக்க செப்டிக் டேங்க் லாரிகள். கட்டட அனுமதியையும் தெருவிளக்கையும் பார்க்க ஊராட்சிச் செயலர் ஒருவர்.

அமராவதிக்குக் கொட்டுகிற காசில் நூறில் ஒரு பங்கை இந்த ஊர்களில் ரோட்டையும் வாய்க்காலையும் முன்கூட்டியே குறித்து வைக்கச் செலவழித்தால் போதும் என்பது என் கட்சி.

#16 — கோடுபோடுபவன்

புலி சொல்வதற்குக் காசுகூட ரொம்ப வேண்டாம், வழி ஏற்கெனவே இருக்கிறது. 1915ஆம் வருட பம்பாய் நகரத் திட்டச் சட்டத்திலிருந்து வருவது, இன்று குஜராத்தில் உயிரோடு இருக்கிறது. ஒரு நூறு ஹெக்டேரை எடுத்துக்கொள்வார்கள். கோணல் மாணலாக இருக்கிற எல்லாருடைய வயலையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, ரோடு, பள்ளி, பூங்காவுக்கு இடம் ஒதுக்கி, மிச்சத்தை நேரான மனைகளாக அதே ஆட்களுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். எல்லாரும் ஒரு பங்கு இழப்பார்கள், யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆமதாபாதின் 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்கான இடத்தில் பெரும் பங்கு இப்படித்தான் வந்தது.

குறை உண்டு. ஒரு திட்டம் முடிய வருடக்கணக்காகும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பஞ்சாயத்து. திறப்பு விழா நடத்த முடியாது, ட்ரோன் படம் எடுக்க முடியாது. அதனால்தான் எந்த முதலமைச்சருக்கும் இதில் ஆசை வருவதில்லை.

#17 — விதண்டாவாதி

அதிலும் நிலம் உள்ளவருக்குத்தான் மனை. குத்தகைக்கு உழுதவருக்கும் கூலிக்கும் என்ன என்று பெஜவாடா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

#18 — கோடுபோடுபவன்

நிற்கிறது. குஜராத் சட்டத்தில் ஏழைகள் வீட்டுக்கென்று நிலம் ஒதுக்க இடம் இருக்கிறது, ஒதுக்கவும் செய்கிறார்கள். ஒதுக்கியதில் எவ்வளவு கட்டினார்கள், யாருக்குப் போனது என்று ஊர் ஊராகப் பார்க்க வேண்டும். என் ஆசை வேறு: நிலமில்லாதவர் அந்தக் கிராமத்தில் குடியிருந்தார் என்பதற்கே, ரேஷன் கார்டை வைத்தே, நகரத்துக்குள் ஒரு சிறு மனை. மாடி எடுத்து வாடகைக்கு விட அனுமதியோடு. கூலி வேலை போனாலும் வாடகை வரும்; புதிதாக வருகிறவருக்கும் அறை கிடைக்கும்.

#19 — குவாங்டாங் குப்பன்

மனையைக் கொடுத்ததும் அடுத்த மாதமே யாராவது வந்து மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுவார்கள் சார். பத்து வருடம் விற்கக்கூடாது என்று போட்டால் பவர் பத்திரத்தில் விற்பார்கள். ஷென்ஜென்னில் விற்காமல் தாக்குப் பிடித்ததற்குக் காரணம், மனை தனி ஆளின் பெயரில் இல்லை, ஊர்க் கூட்டமைப்பின் பெயரில் இருந்தது. நம் ஊரில் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் என்று ஒன்று இருந்ததே, அதைத் தூசி தட்டலாம்.

#20 — ஜிஎஸ்டி ரோடு

கூட்டுறவுச் சங்கத் தேர்தல் நடத்தி முடிப்பதற்குள் நகரமே கட்டிவிடலாம்.

#21 — புதுஉறுப்பினர்_உல்வே

எல்லாருக்கும் வணக்கம். முழு இழையும் படித்தேன், அருமை. மும்பையிலிருந்து வரும் கடல் பாலம் 2024இல் திறந்துவிட்டது, விமான நிலையமும் வந்துவிட்டது. இப்போது நவி மும்பை உல்வேயில் இரண்டு பெட்ரூம் வீடு வாங்கலாமா? நெருல்வாசி அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும்.

#22 — விதண்டாவாதி

#2இல் நான் கேட்ட கேள்விக்கு முதல் ஆள் வந்துவிட்டார்.

#23 — நெருல்வாசி

தம்பி, இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் என்னை அடிப்பார்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிட்கோ நிலம் என்றால் பெரும்பாலும் 60 வருடக் குத்தகையில் கொடுத்தது, நம்மூர் பட்டா மாதிரி இல்லை. கைமாறும்போது சிட்கோவின் அனுமதியும் கட்டணமும் உண்டு. எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது, குத்தகை விதியில் இப்போது என்ன மாற்றம் வந்திருக்கிறது என்று ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். கட்டடம் 12.5 சதவீத மனையில் எழுந்ததா, சிட்கோ ஏலம் விட்ட மனையா என்றும் பாருங்கள், 12.5 என்றால் அசல் குடும்பத்தின் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மற்றதைத் தனி மடலில் பேசலாம்.